எதெல்வினா கேட்ட கேள்வி

ஒரிசாபா பேருந்து நிலையத்துக்கு எதிரே கார்னாச்சா என்ற பொரித்த சோள ரொட்டி விற்கும் எதெல்வினாவுக்கு வருகிற போன்கள் அந்த ஊர் மேயருக்குக்கூட வராது. காலையில் அடுப்பு மூட்டிப் பன்றிக் கொழுப்பு உருகுவதற்குள் ஒரு வங்கிக்காரி போனில் வந்துவிடுவாள், கேட்காத கடனைக் கொடுக்க. உள்ளங்கை அளவு சோள ரொட்டிகளைப் பொரிக்கப் போடும்போது இன்னொருவன் வந்து அவளுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்பான். மதியத்துக்குள் அவள் பெயரில் ஒரு பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும், அவளிடம் இல்லாத கணக்கு ஒன்று முடக்கப்படும், அவளுக்குப் பிறக்காத அக்காவின் மகன் அமெரிக்க எல்லையில் பிடிபடுவான். இறுதிச் சடங்குக்கு இன்சூரன்ஸ் விற்கும் ஒரு பெண் மாதம் தவறாமல் கூப்பிட்டு, "நீங்க போனதுக்கப்புறம் உங்க குடும்பம் கஷ்டப்படக் கூடாது இல்லையா?" என்று உருகுவாள்.

"நான் இப்ப போறதா இல்லம்மா. எனக்கு இங்க வேலை கெடக்கு," என்பாள் எதெல்வினா.

ஒரு போனையும் அவள் விட்டதில்லை. கை முழுக்கக் கொழுப்பும் மிளகாயும் இருக்கும். போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஏப்ரன் பையில் வைத்திருப்பாள். மணி அடித்தால் சுண்டுவிரல் மூட்டால் தட்டித் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வாள். ரொட்டி கருகினாலும் கருகட்டும். பழகிய வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பழகாதவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். தாராளமாகப் போகட்டும், அந்தக் கடைச் சட்னியை வாயில் வைக்க முடியாது.

அவளுடைய நம்பர் ஊருக்கே தெரியும். நிலையத்துச் சுவரிலும் மின்கம்பங்களிலும் தேவாலயத்து வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே அவள் மகன் உரியேலின் படம். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது, பக்கத்தில் நின்றவனை வெட்டிவிட்டுப் போட்டது. பெயர், வயது, இடது புருவத்தில் தழும்பு, நீல ஜீன்ஸ். கடைசியாகக் காணப்பட்ட இடம், வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். லாரியில் கிளீனராகப் போனவன். ஆரஞ்சு ஏற்றிப் போன லாரியும் திரும்பவில்லை, டிரைவரும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. ஆறு வருடமாகிறது.

பிள்ளையைத் தேடுகிற தாயின் நம்பர் தெருவில் கிடந்தால் அதை முதலில் குனிந்து எடுப்பவர்கள் யார் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படம் ஒட்டிய சூட்டிலேயே வந்தது அந்த போன். ஒரு விசும்பல். பிறகு, "அம்மா... நான்தாம்மா..."

நம் ஜனங்களிடம் ஒரு குணம் உண்டு. வீட்டுக்கு ஒருவன் பிழைப்புத் தேடி வடக்கே, அமெரிக்காவுக்குப் போயிருக்கிறான். குரல் எப்படி மாறியிருக்கும் என்று யார் கண்டது? போனில் ஒருவன், "என்னைத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டால், தெரியவில்லை என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. மரியாதை கெட்டுவிடுமே என்று நாமே ஒரு ஆளைத் தேடிப் பிடித்து அவன் வாயில் வைத்துவிடுவோம். எதெல்வினாவும் அதைத்தான் செய்தாள்.

"உரியேலு! எங்கப்பா இருக்க? எல்லைப்பக்கம் ரெய்னோசாவுலயா?"

"ஆமாம்மா, ரெய்னோசாவுல."

"அந்த டிரைவர் அண்ணனும் கூட இருக்காரா?"

"இருக்காரும்மா."

"முட்டி வலி எப்படிப்பா இருக்கு?"

"ரொம்ப வலிக்குதும்மா."

இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்துத் தன் வாயாலேயே தன் மகனை அந்தப் பக்கம் உருவாக்கி நிறுத்தினாள். அப்புறம் வேறொரு முரட்டுக் குரல் போனை வாங்கியது. வீட்டில் விற்கக்கூடியதை எல்லாம் விற்று அவர்கள் சொன்ன இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, அவர்கள் சொன்ன பேருந்து வரும் என்று நிலையத்து வாசலில் கால் கடுக்க நின்றாள். பேருந்து என்னவோ வந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் வேறு யாருடைய பிள்ளைகளோ.

அழுது முடித்த பிறகு அவளைப் பிடித்து உலுக்கியவள் ரெமேதியோஸ். காணாமல் போன மகளைத் தேடி, இரும்புக் கம்பியோடு வயல்காடுகளில் புதைகுழி இருக்கிறதா என்று மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டு அலைகிற தாய்களில் ஒருத்தி. நெஞ்சில் ஈரம் இருந்தது, வாயில் துளியும் கிடையாது.

"அடி லூசு, எல்லாத்தையும் நீயே அவனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டு இப்ப ஒப்பாரி வைக்கிறியா? ஒண்ண மட்டும் மறைச்சு வை. போஸ்டர்ல இருக்கக் கூடாது. புகார் குடுத்த ஆபீஸ்ல சொல்லக் கூடாது. உம் பொண்ணுக்குக்கூடத் தெரியக் கூடாது. எவன் கூப்பிட்டாலும் அதையே கேளு. பதில் வந்தா அவன் உம் புள்ள. வரலைன்னா எவனோ ஒரு பொறுக்கி. போன வச்சிட்டு வேலையப் பாரு."

எதெல்வினாவிடம் அப்படி ஒன்று இருந்தது. அவன் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், நெடுஞ்சாலையில் திருட்டு அதிகம் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவனுடைய ஜீன்ஸின் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தாள். கறுப்பு நூல் தீர்ந்திருந்தது. மேஜை விரிப்புக்கு வாங்கிய பச்சை நூல்தான் இருந்தது. உரியேல் உள்ளாடையோடு கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"பச்சையா? போம்மா! கிளிப்பச்சை! லாரி ஆபீஸே என்னப் பாத்துச் சிரிக்கும்."

"வாய மூடுடா. உள்பக்கத்த எவன் பாக்கப் போறான்?"

அன்றிலிருந்து, அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அவளிடம் ஒரே கேள்விதான். "நீ கெளம்புறதுக்கு மொத நாளு உனக்கு நான் என்ன செஞ்சு குடுத்தேன்?"

பதில்களைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஒருவன் கார்னாச்சா என்றான். ஒருவன் கேக் என்றான். ஒருவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினீர்கள் என்று அழுதான். இன்னொருவன், "அடி பின்னி எடுத்துட்டாங்கம்மா, ஞாபகம் எல்லாம் போச்சு," என்றான். அவனுக்காவது கொஞ்சம் மூளை இருந்தது. எல்லோரையும் எதெல்வினா கிழித்துத் தோரணம் கட்டினாள். "உங்கம்மா உன்னப் பெத்துப் போட்டதுக்கு ரெண்டு தக்காளிச் செடி நட்டிருக்கலாம்டா, சட்னிக்காவது ஆகியிருக்கும்!" கடையைச் சுற்றி நின்றவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரிப்பார்கள்.

அதைக் கச்சேரியாகவே ஆக்கியவன் டாக்சிக்காரன் செவெரினோ. மணி அடித்தால் போதும், "ஸ்பீக்கர்ல போடுக்கா, ஸ்பீக்கர்ல போடு!" என்று குதிப்பான். போடுவாள். கார் பரிசுக்காரனிடம், "அந்தக் காருக்கு டிரைவர் நானு, எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா?" என்று இவன் கத்துவான். கார்னாச்சாவுக்கு வந்த கூட்டத்தில் பாதி இந்தக் கூத்துக்கு வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊரில் இப்படிப்பட்ட போன் வராத வீடு இல்லை, ஏமாறாத குடும்பம் இல்லை. வெட்கத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை. இங்கே ஒருத்தி எல்லோருக்கும் சேர்த்துத் திட்டினாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டாம். தனியாக வைத்திருந்தால் கசக்கிற கோபம் நாலு பேர் நடுவில் கொஞ்சம் இலேசானது.

ஆனால் ஒன்று யாருக்கும் தெரியாது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் எதெல்வினா மூச்சு விடமாட்டாள். ஒவ்வொரு முறையும். அந்தப் பக்கம் இருப்பவன் அயோக்கியன் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், "பை" என்று சொல்லிவிடமாட்டானா, "பச்சை" என்று சொல்லிவிடமாட்டானா என்று அவள் உயிர் காதுக்கு வந்து உட்கார்ந்திருக்கும். கேக் என்று கேட்டதும் தெருவே சிரிக்கும். அவளுக்கு அந்த இடத்தில் பிள்ளை இன்னொரு தடவை தொலைந்துபோவான்.

மகள் யெசேனியா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு இந்தக் கூத்து அறவே பிடிக்காது. போஸ்டரில் போடுவதற்காக அவள் திறந்து கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் குப்பைத்தொட்டியாகிக் கிடந்தது. காணாமல் போனவனை மை போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்பவனும் வழுக்கைக்கு எண்ணெய் விற்கிறவனும் அதில் குடியிருந்தார்கள். அவள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து அழிப்பாள். படிக்காமல் அழிக்க அவளுக்கும் மனம் வராது.

"அம்மா, தெரியாத நம்பர் எதுவும் அடிக்காம இருக்க போன்லயே வழியிருக்கு. நான் வச்சுத் தரேன். இல்ல, நம்பரையே மாத்திருவோம்."

"உங்கண்ணன் எந்த நம்பர்லருந்துடி கூப்பிடுவான்? அவன் போனு அன்னிக்கே செத்துப்போச்சு. கூப்பிட்டா தெரியாத நம்பர்லருந்துதான் கூப்பிடுவான். அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பரு இது ஒண்ணுதான், ஸ்கூலு போறப்பவே பாட்டாட்டம் சொல்லிக் குடுத்தது."

"ஆறு வருஷமாச்சும்மா."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

யெசேனியா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அண்ணன் படம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. இறந்தவர்களின் நாளுக்கு வருடா வருடம் அலமாரியை ஒட்டிப் பீடம் வைத்து, அவள் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றி, செவ்வந்தி பரப்பி, பிடித்த பலகாரம் வைப்பார்கள். உரியேலின் படத்தை மட்டும் எதெல்வினா அந்தப் பக்கம் நகர்த்தமாட்டாள். துடைத்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைப்பாள். அந்தப் பேச்சை எடுக்க மகளுக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்த வருடமும் செவ்வந்தி மூட்டைகள் சந்தைக்கு வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. விடாத தூறல். கடைக்கு மேல் கட்டிய தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு இளம்பெண் கூப்பிட்டாள். மெல்லிய குரல்.

"அம்மா, எம் பேரு சித்லாலி. ஹலாபாவுல தடயவியல் ஆபீஸ்லருந்து பேசறேன். உங்க மகன் உரியேல் விஷயமா. நீங்களும் உங்க வீட்டுல யாராவது ஒருத்தரும் நேர்ல வர முடியுமாம்மா?"

இதுவும் புதிதில்லை. போன வருடம் ஒருவன் இதேபோல் ஆய்வுக்கூடத்து ஆள் என்று வந்து, பரிசோதனைக் கட்டணம் கேட்டிருந்தான்.

"எவ்வளவு கட்டணும், சொல்லு."

"ஒண்ணும் கட்ட வேண்டாம்மா."

"மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா ஆரம்பிப்பீங்க. சின்னப் பொண்ணாட்டம் இருக்க, ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகக் கூடாதா? ஊர்ல கார்னாச்சா போட ஆளில்ல, வர்றியா?"

"அம்மா, தயவுசெஞ்சு..."

எதெல்வினா வைத்துவிட்டாள். அழுகிறவனையும் மிரட்டுகிறவனையும் அவளுக்குச் சமாளிக்கத் தெரியும். இப்படிப் பொறுமையாகப் பேசுகிறவளிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்ப மணி அடித்தது, அதே நம்பர். ஆறு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள்.

"செவெரினோ, இந்தா. இந்த நம்பரு இனிமே வராம அடைக்கிறது எப்படின்னு சொல்லு."

"அடேயப்பா, அக்காவையே ஒருத்தி ஓட வச்சுட்டாளே!" என்று சிரித்துக்கொண்டே அவன் அடைத்துக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் இரண்டு பேருந்துகள் ஒன்றாக வந்து நின்றிருந்தன. கடையைச் சுற்றி நல்ல கூட்டம். தட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. ஏப்ரன் பையில் மணி அடித்தது, வேறு நம்பர்.

"அம்மா, வச்சிராதீங்க. நேத்துப் பேசின சித்லாலி. இது என் சொந்த போன்."

எதெல்வினா போனைக் கூட்டத்துக்குக் காட்டிக் கண்ணடித்தாள். "நேத்து வந்த மகராசி. விடமாட்டேங்குறா."

"ஸ்பீக்கர்க்கா!" என்றான் செவெரினோ, வாயில் ரொட்டியோடு.

சுண்டுவிரல் மூட்டால் தட்டினாள். போனைச் சட்னிக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றிக்கொண்டாள்.

"சரிம்மா, எம் புள்ள விஷயம்னு சொல்ற. ஒரே ஒரு கேள்வி. அவன் கெளம்புறதுக்கு மொத நாளு நான் அவனுக்கு என்ன செஞ்சு குடுத்தேன்?"



"கேக்கு!" என்று யாரோ எடுத்துக்கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அம்மா, இதையெல்லாம் போன்ல சொல்லக் கூடாது. நேர்ல வாங்க, எல்லாம் சொல்றோம்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போ. எதுக்கு இழுக்குற?"

"உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

"ஊரே இருக்கு. சொல்லு."

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கும்வரை அந்தப் பெண் காத்திருந்தாள். காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"நீங்க என்ன செஞ்சு குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. இங்க எழுதியிருக்கிறதச் சொல்றேன். நீல ஜீன்ஸு. இடுப்புப் பட்டிக்கு உள்ள, கையால தெச்ச சின்னப் பை ஒண்ணு இருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "பச்சை நூல்லம்மா."

கொழுப்பு பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. ஆனால் எதெல்வினாவின் முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் விளங்கிவிட்டது. செவெரினோ தொப்பியைக் கழற்றினான். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான்.

ஆறு வருடமாக அவள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பிசகில்லாத பதில். எத்தனை திருடர்களிடம், எத்தனை பொய்யர்களிடம் இந்த ஒரு சொல்லுக்காக ஏங்கியிருப்பாள். இதைச் சொல்கிறவன் உரியேலாகத்தான் இருப்பான், வேறு யாராலும் சொல்ல முடியாது என்று நம்பியிருந்தாள். அந்தப் பையை உள்பக்கம் திருப்பிப் பார்க்க இன்னொருவருக்கும் வாய்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. உள்பக்கத்தை எவன் பார்க்கப் போகிறான்?

குனிந்து, போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மெதுவாகக் கேட்டாள்.

"தையலு... பிரிஞ்சிருச்சாம்மா?"

"இல்லம்மா. பிரியல. எல்லாம் மக்கிப்போயும் தையல் மட்டும் அப்படியே இருக்கு." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "நல்லாத் தெச்சிருக்கீங்கம்மா."

"அவசரத்துல தெச்சது," என்றாள் எதெல்வினா. பிறகு, "நேத்து உன் நம்பர அடைச்சிட்டேன் கண்ணு. மனசுல வச்சுக்காத," என்றாள். அதற்கப்புறம்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரோ அடுப்பை அணைத்தார்கள். செவெரினோ மருந்துக்கடைக்கு ஓடினான், யெசேனியாவைக் கூட்டிவர. பேருந்துகள் கிளம்ப ஹாரன் அடித்தும் ஒருவரும் நகரவில்லை. அவர்களில் பலருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது.

ஹலாபாவில் எல்லாம் சொன்னார்கள். வடக்கே ஒரு கரும்புக் காட்டில், கம்பியோடு போன தாய்கள் கண்டெடுத்த குழி. புகார் எழுதியபோது பரிசோதனைக்கு எதெல்வினா கொடுத்திருந்த ரத்தமும் ஒத்துப்போயிற்று. அவள் அந்தத் தாளைப் படிக்கவில்லை. பையை மட்டும் காட்டச் சொன்னாள். சித்லாலி கண்ணாடிக் காகித உறையோடு எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். எதெல்வினா விரலால் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உறைக்கு மேலாகவே தடவினாள்.

உரியேலை ஒரிசாபாவில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ரெமேதியோஸ் வந்திருந்தாள். தன் மகளுக்கு இன்னும் குழிகூடக் கிடைக்காதவள், எதெல்வினாவைக் கட்டிக்கொண்டு, "உனக்காவது கெடைச்சானேடி," என்று அழுதாள். இதற்குப் போய்ப் பொறாமைப்படுகிற நிலைமைக்கு இந்த நாடு தாய்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

இறந்தவர்களின் நாள் வந்தது. யெசேனியா பூவைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எதெல்வினா குளிர்சாதனப் பெட்டி மேலிருந்த படத்தை எடுத்தாள், ஏப்ரனால் துடைத்தாள், பீடத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு தட்டில் கார்னாச்சா வைத்தாள். மகள் இன்னொரு மெழுகுவத்தியை ஏற்றினாள்.

அடுத்த வாரம் எதெல்வினா வாளியில் வெந்நீரும் கடைக் கரண்டியுமாகப் போய்ப் போஸ்டர்களைச் சுரண்டி எடுத்தாள். கன்னம் தனியாக, புருவம் தனியாக வந்தது. பொறுமையாக எடுத்தாள். பக்கத்தில் ரெமேதியோஸின் மகள் படம் ஒரு மூலையில் கிளம்பி நின்றது. அதற்கு மாவுப் பசை தடவி உள்ளங்கையால் அழுத்திவிட்டு வந்தாள்.

நம்பரை மாற்றலாமா என்று யெசேனியா கேட்கவில்லை. எதெல்வினாவும் பேச்செடுக்கவில்லை. கடையைத் திறந்தாள். போஸ்டரைச் சுரண்டினால் நம்பர் போய்விடுமா? வங்கிக்காரி வந்தாள், பார்சல்காரன் வந்தான். இன்சூரன்ஸ்காரி வந்தபோது எதெல்வினா எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் மதியக் கூட்டத்தில், தெரியாத நம்பரிலிருந்து, ஒரு விசும்பல்.

"அம்மா... நான்தாம்மா..."

சின்ன வயதுக் குரல். பத்தொன்பது, இருபது இருக்கும். செவெரினோ தட்டைக் கீழே வைத்தான். யாரும் ஸ்பீக்கர் என்று சொல்லவில்லை. எதெல்வினா போனைத் தோளில் இடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி வாய்வரை வந்தது, பழக்க தோஷம். ஆனால் கேட்பதற்கு இப்போது எதுவும் மிச்சமில்லை. திட்டவும் தோன்றவில்லை.

"அம்மா? கேக்குதாம்மா? நான்தாம்மா, உங்க புள்ள..."

"இல்லப்பா," என்றாள். "எம் புள்ள வீட்டுக்கு வந்துட்டான்."

போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட்டு, கருகத் தொடங்கிய ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.